பஞ்சுப் பக்கம் பற்றவைத்த மாப்பிள்ளை

ஓட்டலில் வேலை செய்கிறவனுக்கு ஓட்டலில் உட்கார இடம் கிடையாது. எந்த ஊரானாலும் இதுதான் நிலைமை. நான் சூப்பர்வைசராக இருந்த விழுப்புரம் ஓட்டலில் எண்பத்து நான்கு நாற்காலிகள் இருந்தன. (எண்ணியிருக்கிறேன். கண்ணில் படும் எதையும் எண்ணாமல் விட்டதில்லை. என் மனைவி அதை ஒரு வியாதி என்பாள்.) சாப்பிடுகிறவர் உட்காரலாம். சாப்பிடாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு ரயிலுக்கு நேரம் பார்க்கிறவர்கூட உட்காரலாம். நாங்கள் உட்கார்ந்தால் கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் வரும்.

“இன்னாப்பா, ஒடம்பு சரியில்லியா?”

கேட்பதற்கு அக்கறை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது தடவை அதே கேள்வி வந்தால், ‘வேலை வேண்டாமா’ என்று பொருள்.

இந்தச் சட்டத்திலிருந்து ஒரே ஒரு சாதிக்கு விலக்கு இருந்தது. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு.

சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய ஒரு சின்ன முற்றம். அங்கே காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். “தம் போட்டுட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போய் அதில் உட்கார்ந்தால், முதலாளி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவரும் ஒரு காலத்தில் ஊதித் தள்ளி, டாக்டர் மிரட்டியதால் விட்டவர். “தம்முக்கு ஏங்கறவன நிக்க வெச்சா சாம்பார மேல கொட்டுவான்யா” என்பது அவருடைய சித்தாந்தம். பசிக்கு இரங்காதவர்கள் உண்டு, தாகத்துக்கு இரங்காதவர்கள் உண்டு. எங்கள் முதலாளி புகைக்கு இரங்குவார். கால் வலிக்கு இரங்க மாட்டார்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். எனக்கு இருபத்தெட்டு வயது. பெயர் ராயப்பன். திண்டிவனத்துக்காரன், பி.காம். படித்தவன், பீடியோ சிகரெட்டோ உதட்டில் வைக்காதவன். அந்தக் கடைசித் தகுதியால் காலை டிபனிலிருந்து ராத்திரி கடைசி பரோட்டா வரை நின்றேன். முழங்கால் இரண்டும் தேங்காய் அளவுக்கு வீங்கின. (என் பழைய சூப்பர்வைசர் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், தேங்காய் மிகை என்பார்கள். மாங்காய் அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு வழி காட்டியவர் தோசை மாஸ்டர் கோதண்டம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குளிர்காலத்து லாரி கிளம்புவதுபோல் இருமுவார்.

“சார், நீ ஏன் பேஜார் படற? ஒரு சிகரெட்ட வாங்கி விரல்ல வெச்சிக்க. பத்த வெக்காத. எம்பக்கத்துல குந்து. பொகைய நான் உடறேன், பேர நீ வாங்கிக்க.”

அடுத்த நாளே பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கினேன். இருப்பதிலேயே மலிவானது. பஞ்சு வைக்காத, இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிற மொட்டைச் சிகரெட். தவக்காலத்தில் வாங்கிய அந்த ஒன்று ஆவணி வரைக்கும் உழைத்தது. வேலை முடிந்ததும் அதை என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பேன். வளைந்தால் ஸ்கேலை வைத்து நிமிர்த்துவேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. உலகத்திலேயே மிகச் சிக்கனமான புகைப்பழக்கம் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீடும் திண்டிவனம்தான். பெண் பெயர் ஸ்டெல்லா. அப்பா சவரிமுத்து பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நடுவழியில் கைகாட்டி வண்டியை நிறுத்தி, ஏறி, டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர். அவருடைய மூத்த மருமகன் படுத்துக்கொண்டே சிகரெட் பிடித்து, சீர் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொளுத்தியவர். அதனால் பெண் பார்க்கப் போன அன்று சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே என்னை இதைத்தான் கேட்டார்.

“பீடி, சிகரெட்டு?”

“பழக்கமில்லீங்க மாமா.”

அது சத்தியமான உண்மை.

ஸ்டெல்லா ஒரு தட்டு முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். என் வாய் தன்னால் முணுமுணுத்தது, “ஒம்பது.” அவள் குனிந்த தலை நிமிராமல், “எட்டுதான். ஒண்ண அப்பா எடுத்துட்டாரு” என்றாள். திரும்பி எண்ணினேன். எட்டுதான். என் கணக்கைத் திருத்திய முதல் ஆள் அவள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். வெளியில் சொல்லவில்லை. ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்வார். எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதுதான் பாக்கி.

அந்த வாரம் ஒரு நாள், டிபன் கூட்டம் முடிந்து சாப்பாட்டுக் கூட்டம் தொடங்காத நேரம். முற்றத்தில் டின்கள் எல்லாம் நிறைந்திருந்தன. என்னோடு சேர்த்து எட்டுப் பேர். கோதண்டம் என் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் எனக்கும் சேர்த்துப் புகை விட்டுக்கொண்டிருந்தார்.

“சார், கல்யாணத்துக்காவது புதுசா ஒண்ணு வாங்கு. இது வத்தக்கொழம்புல போட்ட சுண்டக்கா காம்பு மாதிரி ஆயிடிச்சி.”

“இன்னும் பொங்கல் வரைக்கும் வரும் மாஸ்டர்.”

“வரும், வரும். ஒம்புள்ளைக்குக் கூட குடுப்ப.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிகரெட்டை இரண்டு விரலுக்கு நடுவில் ஒயிலாகப் பிடித்து, காலை நீட்டி, ஒரு ஜமீன்தார் மாதிரி சாய்ந்தேன். முற்றத்தை ஒட்டித்தான் சாப்பிட்டவர்கள் கை கழுவும் தொட்டி. அங்கே ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

“மாப்ளைங்களா அது?”

திரும்பினேன். காக்கிச் சட்டை, ஈரக் கை. செக்கிங் இன்ஸ்பெக்டர் முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருவார்? மசால் தோசை சாப்பிடுகிற சாக்கில் மாப்பிள்ளையைச் சோதனை போட வந்திருந்தார்.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் சிகரெட்டைக் கீழே போட்டிருப்பான். அதிகப் புத்தியுள்ளவன் அதை அவரிடமே நீட்டி, பற்றவைக்கவில்லை பாருங்கள் என்று காட்டியிருப்பான். நான் பி.காம். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மெத்தை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

“ஐயோ! நெருப்பு! நெருப்ப உள்ள போட்டுக்கினான்!”

பாய்ந்து வந்து என் நெஞ்சில் இரண்டு அறை அறைந்தார். அது போதாது என்று, எச்சில் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்த வாளியைத் தூக்கி அப்படியே என் மேல் கவிழ்த்தார். தண்ணீரோடு ஊத்தப்பத் துண்டு, சட்னி, இரண்டு ஸ்பூன் எல்லாம் என் மேல் இறங்கின. சட்டைப் பையில் ஒரு முருங்கைக்காய்ச் சக்கை செங்குத்தாக நின்றது.

“பத்தவே வெக்கலீங்க மாமா!” என்று அலறினேன்.

“இன்னாது?”

“சிகரெட்டு. அத நான் பத்தவே வெக்கல.”

“பத்த வெக்காத சிகரெட்ட எவன்டா கையில வெச்சிக்கினு குந்திக்கினு இருப்பான்?”

டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது, ஆடு தின்றுவிட்டது, மாமியார் வீட்டில் மறந்துவிட்டேன் என்று எத்தனையோ பொய்களைக் கேட்டுப் பழகிய மனிதர். என் உண்மை அவை எல்லாவற்றையும்விட மட்டமான பொய்யாக அவர் காதில் விழுந்தது. ‘மாப்ளைங்க’ என்ற ‘ங்க’ போய், ‘டா’ வந்துவிட்டதை நான் கவனித்தேன்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். “யாரு சார் நீங்க? எதுக்கு எங்க ஆள் மேல தண்ணி ஊத்தறீங்க?”

“இவனுக்குப் பொண்ணு குடுக்கறதா இருந்தவன்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. தன் ஊழியனுக்கு நற்சான்று கொடுக்கும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

“அட, சம்பந்தி வூட்டுக்காரரா! தைரியமா குடுங்க சார். தங்கமான புள்ள. மத்தவனுங்க மாதிரி பாக்கெட் பாக்கெட்டா ஊதறதில்ல. ஒரு நாளைக்கு நாலே வாட்டிதான் தம்முக்கு எழுந்து போவான். மாசக்கணக்கா நானே பாத்துக்கினு இருக்கறேன்.”

“நாலு வாட்டி” என்றார் சவரிமுத்து. என்னைப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. தடை இருக்குதான்னு சாமியாரு கேப்பாரு. பொண்ணப் பெத்த நானே எழுந்து நிக்கப்போறேன். ஊரே பாக்கட்டும்.”

எனக்கு முறுக்குத் தட்டு கண்ணில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் முதலாளி வேலையை விட்டு அனுப்புவார். சொல்லாவிட்டால் ஸ்டெல்லா போய்விடுவாள். தலையிலிருந்து சட்னி ஒழுக, உண்மையைச் சொன்னேன்.

“கால் வலிங்க மாமா. இங்க சும்மா குந்தினா கேள்வி கேப்பாங்க. கையில சிகரெட்டு இருந்தா கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் வெச்சிக்கினு குந்தறேன்.”

முதலாளிக்கு இது இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அப்ப, இத்தினி நாளா வெறுமனே குந்திக்கினு இருந்தியா நீ?” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம். நம்பிய மனைவி கைவிட்டதுபோல் பார்த்தார்.

ஆக, சில விநாடிகளில் வேலையும் போயிற்று, பெண்ணும் போயிற்று. மாமனார் ஆகவிருந்தவர் என் உண்மையைப் பொய் என்று தள்ளினார், முதலாளி அதை உண்மை என்று நம்பிவிட்டார். எனக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ்.

கோதண்டம்தான் எழுந்தார். “சண்ட எதுக்கு சார்? அவங்கையில ஒண்ணக் குடுத்துப் பத்த வெக்கச் சொல்லுங்க. பழகின கை தன்னால காட்டிக் குடுத்துடும்.” சொல்லிவிட்டுத் தன் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். யாருக்கும் ஓசி கொடுக்காதவர் என்று பேர் எடுத்தவர் அவர்.

அது பஞ்சு வைத்த சிகரெட். நான் வைத்திருந்ததோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான மொட்டை. எனவே வாய் எந்தப் பக்கம், நெருப்பு எந்தப் பக்கம் என்று நான் எப்போதும் யோசிக்க நேர்ந்ததில்லை. இதில் ஒரு முனை வெள்ளை, ஒரு முனை பழுப்பு. பழுப்பு முனை கொள்ளிக்கட்டை நிறத்தில் இருந்தது. நெருப்புக்கு உரியது அதுதான் என்று தர்க்கரீதியாக முடிவு செய்து, வெள்ளை முனையை வாயில் வைத்தேன்.

முதல் குச்சியை நானே ஊதி அணைத்தேன். இரண்டாவது கீழே விழுந்தது. மூன்றாவதில் பஞ்சு பிடித்தது. நைலான் சேலை எரிகிற நாற்றம்.

இங்கேதான் என் குணம் என்னைக் கெடுத்தது, அல்லது காப்பாற்றியது. பரீட்சை என்றால் பாஸ் ஆக வேண்டும் என்றே பழகியவன் நான். இதில் ஃபெயில் ஆனால்தான் பெண் கிடைக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் மறந்தே போயிற்று. நன்றாகப் பிடித்துக் காட்ட வேண்டும் என்ற வைராக்கியத்தில் கன்னம் ஒட்ட இழுத்தேன். தொண்டைக்குள் புகை போயிற்று, நாக்கில் புகையிலைத் தூள் ஏறியது. கண், மூக்கு, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர். பாசஞ்சர் ரயிலிலிருந்து இறங்கிச் சாப்பிட வந்த கூட்டம் பின்வாசலில் எட்டிப் பார்த்தது. “யாருக்குப்பா வலிப்பு?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “சாவியக் கையில குடுங்க” என்றார் இன்னொருவர். நான் விடாமல் இழுத்தேன்.

சவரிமுத்து கண்ணைச் சுருக்கினார். “நடிக்கிறானோ?”

“நடிக்கிறவனா இருந்தா பஞ்சு பத்தினதுமே நிறுத்தியிருப்பான் சார்” என்றார் கோதண்டம். “இவன் பஞ்சு முடிஞ்சி மீசைக்கு வர்ற வரைக்கும் உடமாட்டான் போலக்குது, பாரு.”

அவ்வளவுதான். செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கடைசியில் நிற்க முடியாமல் என் டின்னிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“போதுங்க மாப்ள” என்றார். “துப்புங்க. துப்பிட்டு வாயக் கொப்புளிங்க.”

நான் துப்பினேன். மூன்றாவது ஓலை காப்பாற்றப்பட்டது.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. “இவன் ஒருத்தன்தானா, இன்னும் இருக்கறீங்களாடா?” என்று மற்றவர்களைப் பார்த்தார். சப்ளையர் ஏழுமலை தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். அவனிடம் இருந்தது போன தீபாவளிக்கு வாங்கிய பீடி. அவனைப் பார்த்து, மாவு அரைக்கும் பாலுவும் தூக்கினான்.

“ஒரே வண்டியில மூணு வித்தவுட்டு!” என்றார் என் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. அது அடங்கியபோது கோதண்டம் மெதுவாகச் சொன்னார்.

“நானும் குந்தறத்துக்குத்தான் சார் ஆரம்பிச்சேன். பதினாறு வயசுல, திண்டிவனத்துல ஒரு ஓட்டல்ல. கால் கடுப்பு தாங்கல. பீடிய கையில வெச்சிக்கினு குந்துவேன். எனக்குப் பத்த வெக்காதன்னு சொல்ல யாரும் இல்ல.”

சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை நாங்கள் அத்தனை நாள் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கல்லாவுக்குப் போய்விட்டார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம், மாடியில் லாட்ஜ் வராந்தாவில் கிடந்த நீள பெஞ்சு முற்றத்துக்கு இறங்கி வந்தது. யாரும் அறிவிப்புச் செய்யவில்லை. “யாரு வேணா குந்துங்கடா. ஆனா ஜல்தி எழுந்திருங்க” என்று மட்டும் முதலாளி சொன்னார். அன்று நான் வெறும் கையோடு போய் அதில் உட்கார்ந்தேன். காது கல்லாப் பக்கமே இருந்தது. கல்லாவிலிருந்து குரல் வரவில்லை.

கோதண்டம் சிகரெட்டை விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தும் பிடித்தார். ஆனால் அந்தப் பெஞ்சு வந்தபிறகு வேலைக்குச் சேர்ந்த புது ஆட்களில் ஒருவன்கூட அங்கே புதிதாகப் பழகவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பின்னாளில் திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஓட்டலுக்கு மேனேஜராகப் போனபோது, சமையல்கட்டு அடுப்புகளை எண்ணுவதற்கு முன்பே பின்பக்கம் இரண்டு பெஞ்சு போடச் சொன்னேன். பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்து, மற்ற ஓட்டல்காரர்கள் எல்லாம் பலகை எழுத ஓடியபோது, எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேரில் பிடிக்கிறவர்கள் மூன்றே பேர். (நானேதான் எண்ணினேன். ஆளுக்கு ஒரு சிகரெட் கொடுத்துச் சோதிக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.)

என் மாமனார் ஓலையை வாசிக்க விட்டாரே தவிர, கதையை விடவில்லை. கல்யாண விருந்தில் மைக் பிடித்துச் சொன்னார். மற்ற மாமனார்கள் தங்கள் மருமகனை இன்ஜினீயர் என்றும் தாசில்தார் என்றும் அறிமுகம் செய்வார்கள். இவர், “இவருதான் என் சின்ன மாப்ள. பஞ்சப் பத்த வெச்சவரு” என்பார், நெஞ்சை நிமிர்த்தி. கேட்கிறவர்கள் ஏதோ போராட்டம் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டால், ரிமோட்டில் பேட்டரியைத் திருப்பிப் போட்டால், ஸ்டெல்லா இன்றைக்கும், “பஞ்சுப் பக்கம்” என்று மட்டும் சொல்வாள். நான் சரி செய்துகொள்வேன்.

எங்கள் குடும்பத்தில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்குக் காபியோடு ஒரு பஞ்சு வைத்த சிகரெட்டும் தீப்பெட்டியும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் எண்பது தாண்டிய சவரிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். சில வருஷங்களுக்கு முன் என் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். திரைச்சீலை பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் நான் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றிருந்தேன்.

என் மகள் அவனுக்கு முன்பே கதையைச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. பையன் சிரித்துக்கொண்டே வெள்ளை முனையை வாயில் வைத்தான். சரியாகத் தப்பு செய்கிறான் என்று நாங்கள் மகிழ்ந்தோம். பிறகு குச்சியை ஒரே இழுப்பில் உரசினான். காற்றே இல்லாத ஹாலில், இரண்டு உள்ளங்கையையும் குவித்து, சுடரை அழகாக மறைத்துக் கொண்டுபோய் பஞ்சைப் பற்றவைத்தான். ஒரு இருமல் இல்லை.

என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

சவரிமுத்து முன்னால் குனிந்து, அந்தக் குவிந்த கைகளை நிதானமாகப் பார்த்தார்.

“தம்பி, எந்த ஸ்டாப்புல ஏறினீங்க?”

பையன் வெலவெலத்துப்போய், “காலேஜ்ல, தாத்தா” என்றான். “விட்டுடறேன் தாத்தா.”

“வுடு, வுடு. மெதுவா வுடு. ஒழுங்கா எறங்கிக்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். எல்லோரும் பார்க்க என் தோளில் கையை வைத்தார். “இவர மாதிரியே இன்னொருத்தர் வேணும்னு தேடினா, எம்பேத்திக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் ஆவாதுங்க.”

பையனுக்கு ஆசுவாசம். என் மகளுக்குச் சிரிப்பு. நான் மட்டும் வாளியைப் பிடித்துக்கொண்டு, பி.காம். பட்டம் வாங்கிய மேடையில்கூட நிற்காத அளவுக்கு நிமிர்ந்து நின்றேன்.